ஆய்வகத்துக்கான மறுசேர்க்கை மனித ஆர்.என்.ஏ. வெட்டியிணைப்புப் புரதம் என்றால் என்ன?

நம் மரபணுவிலிருந்து முதலில் நகலாகும் ஆர்.என்.ஏ.வில் புரதத்துக்குத் தேவையான பகுதிகளான எக்ஸான்களும், இடையே தேவைப்படாத இன்ட்ரான்களும் கலந்திருக்கும். இன்ட்ரான்களை நீக்கி எக்ஸான்களை இணைப்பதே வெட்டியிணைப்பு. 1977இல் இதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸும் பிலிப் ஷார்ப்பும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கு உதவும் புரதங்களுள் ஒன்று எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1. அது கத்தரிக்கோல் அன்று. தையல்காரர் துணியில் இடும் சுண்ணக்கோடு போல, எக்ஸானில் அமர்ந்து, வெட்டியிணைக்கும் மூலக்கூறுகளின் தொகுதி வந்து சேர வேண்டிய இடத்தைக் காட்டுகிறது.

செல்லுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் ஒருங்கே இயங்குவதால், எது எதைச் செய்கிறது என்று அங்கே பிரித்தறிவது கடினம். ஆகவே அப்புரதத்துக்கான மனித மரபணு வரிசையை ஈ.கோலை பாக்டீரியாவிலோ வளர்ப்புப் பூச்சிச் செல்களிலோ புகுத்தி, உருவாகும் புரதத்தைத் தூய்மைப்படுத்தி எடுக்கின்றனர்; இதுவே மறுசேர்க்கைப் புரதம். தானாக வெட்டியிணைக்க இயலாத சைட்டோபிளாசச் சாற்றில் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதியின் சாறு) இதைச் சேர்த்ததும் அவ்வேலை தொடங்குவது, இதன் பங்கிற்கு நேரடிச் சான்று.

எதில் தயாரித்தது என்பதை வாங்குமுன் கவனிப்பது நல்லது, ஏனெனில் மனிதச் செல்லில் இப்புரதத்தின் வால்பகுதியிலுள்ள செரின் என்னும் அமினோ அமிலங்களில் சேரும் பாஸ்பேட்டுகள் இதன் செயலை மாற்றுகின்றன, ஈ.கோலை தானாக அவற்றைச் சேர்ப்பதில்லை.

பெயரில் ‘மனித’ என்றிருப்பதால் இது மனித உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். மனிதருடையது அமினோ அமில வரிசை மட்டுமே, மேலும் ‘ஆய்வுக்கு மட்டும்’ என விற்கப்படும் இப்பொருள் மருந்தும் அன்று.