மலையாளம் திரும்பவில்லை, விகடகவி மட்டும் எப்படி?

கேள்வி: 'மலையாளம்' என்பது எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் சொல் என்று படித்தேன். தமிழில் எழுதித் திருப்பினால் 'ம்ளயாலைம' என்று நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. விகடகவி மட்டும் ஒழுங்காக வருகிறதே, எப்படி?

பதில்: நீங்கள் படித்தது ஆங்கில எழுத்துக் கணக்கு. எம், ஏ, எல், ஏ, ஒய், ஏ, எல், ஏ, எம் என்று ஒன்பது எழுத்து, நட்டநடுவில் ஒய். விகடகவியை ஆங்கிலத்தில் எழுதினால் 'வி'யில் தொடங்கி 'ஐ'யில் முடியும், கதை அங்கேயே முடிந்தது. தமிழில் உயிர்மெய் முழுசாக ஓர் எழுத்து என்பதால் வி-க-ட-க-வி கச்சிதமாகத் திரும்புகிறது.

கண்டுபிடிக்க இரண்டு விரல் போதும். ஒன்றை முதல் எழுத்திலும் இன்னொன்றைக் கடைசி எழுத்திலும் வைத்து உள்ளே நகர்த்துங்கள், ஒரு ஜோடி ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம். தமிழில் இதைவிடச் சுருக்கமான வழியும் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, அதனால் 'ம்', 'ன்', 'ல்' என்று முடிகிற எதையும் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். அதேபோல உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும் (அளபெடையை விடுங்கள்), ஆகவே அம்மா, அப்பா இரண்டும் அவுட். மாமா, தாத்தா, பாப்பா, காக்கா எல்லாம் தேறிவிடும். ஈ, பூ என்று ஓரெழுத்துச் சொல்லைக் கொண்டு வராதீர்கள், அது அழுகுணி ஆட்டம்.

நீங்களே உண்டாக்கவும் செய்யலாம். 'தே'யில் தொடங்கும் வினையைப் பிடித்து 'செய்யாதே' என்கிற மாதிரி மாற்றினால் தேடாதே, தேயாதே என்று வந்து விழும். 'மா'வில் தொடங்குவதைக் கேள்வியாக்கினால் மாறுமா, மாளுமா. தொடர் என்றால் இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் 'தேரு வருதே', 'மாலா போலாமா'. இதற்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் 'யாமாமாநீ' என்று தொடங்கி ஒரு பதிகமே இப்படிப் பாடியிருக்கிறார், முதல் பாட்டில் மட்டும் 28 எழுத்து. பொருள் பிரித்துப் படிக்க உரை இல்லாமல் முடியாது, எனக்கும்தான்.

கேள்வி: இப்படித் திருப்பினாலும் மாறாதவற்றைக் கண்டுபிடிக்க நான் எழுதிய புரோகிராம் 121, 1331 எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறது, விகடகவியை மட்டும் 'இல்லை' என்கிறது. எங்கே தப்பு?

பதில்: கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'வி' ஓர் எழுத்தாக இல்லை. 'வ' தனி, மேலே வரும் இகரக் குறி தனி. நமக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் விகடகவி கம்ப்யூட்டருக்கு ஏழு, அதைத் திருப்பினால் இகரக் குறி முதலில் வந்து நிற்கும். தாத்தாவில் புள்ளியும் தனிக் குறிதான், ஆக மூன்று எழுத்து ஆறாகிவிடும். முதலில் ஒவ்வொரு குறியையும் அதற்கு முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டு, அப்புறம் திருப்புங்கள்.