ஆறு மாதச் சான்றிதழ் போதுமா?

பாலக்கோடு வாசகி ஒருவரின் கேள்வி: "பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. கபடி ஆடுவேன். காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கும் வேலைக்குப் போக ஆசை. ஓசூரில் ஆறு மாத ஸ்போர்ட்ஸ் டிரெய்னர் வகுப்பு இருக்கிறது. அப்பா பி.பி.எட். படிக்கச் சொல்கிறார். அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னர் என்றே ஒரு பணி இருக்கிறதாமே. எதில் சேரலாம்?"

காயத்தைக் கவனிப்பதுதான் ஆசை என்றால் பி.பி.டி., அதாவது பிசியோதெரபிப் பட்டம். அதற்கு வேண்டிய உயிரியல் உங்களிடம் இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள்.

அப்பா சொல்வதும் நல்ல வழிதான். ஆனால் ஒரு பட்டம் முடித்த பிறகு இரண்டு ஆண்டு படிக்கும் பி.பி.எட்., உடற்கல்வி ஆசிரியராவதற்கானது. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ பயிற்சியாளராவதற்கு. முட்டி ஜவ்வு கிழிந்தவரை மறுபடி ஆட வைக்கும் சிகிச்சையை இரண்டுமே முழுதாகக் கற்றுத்தராது.

நீங்கள் கேட்ட அத்லெட்டிக் டிரெய்னர், அதாவது வீரர்களின் காயங்களைக் கவனிப்பவர் வேலை, அமெரிக்காவில் மருத்துவம் சார்ந்த தனித் தொழில். அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பை முடித்து, தேசியச் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் உரிமமும் தேவை. நம் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே அந்தத் தேர்வை எழுத முடியாது. இங்கே அப்படித் தனித் தொழில் உருவாகவில்லை. அணிகளில் அந்த வேலையின் பெரும்பகுதியைப் பிசியோதான் பார்க்கிறார்.

பி.பி.டி. என்பது நான்கு ஆண்டுப் படிப்பு, அதற்குமேல் மருத்துவமனைப் பயிற்சி. திருச்சியில் அரசு பிசியோதெரபிக் கல்லூரி இருக்கிறது. சேர்க்கை விதிகளும் பயிற்சிக் காலமும் மாறிவருவதால், அந்தந்த ஆண்டுக்கான விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பின்னர் விளையாட்டுப் பிரிவில் எம்.பி.டி., அதாவது பிசியோதெரபி முதுகலை, இரண்டு ஆண்டு.

கல்லூரி கற்றுத்தராத பாதி, களத்தில் இருக்கிறது. நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு வழிக்க ஆள் தேடுவார்கள். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இழுத்துவிடுவதால் கெட்டுப்போகும் கால்கள் உண்டு. தலையில் அடிபட்டுத் தள்ளாடுபவரை முகம் கழுவச் செய்து மீண்டும் இறக்கிவிடுவது அதைவிட ஆபத்து; அன்றைக்கு அவர் ஆடவே கூடாது. கோடை முகாமில் வெயில் தாக்கி ஒருவர் நினைவு தப்பிப் பேசினால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்ந்த நீரால் உடலைக் குளிரவைக்க வேண்டும். தவறாகச் செய்பவர்களை எதிர்த்துச் சொல்லும் துணிச்சல், அணித் தலைவர் முறைக்கும்போதும் வர வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவிப் பயிற்சியை இப்போதே முடித்துவிடலாம், பட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த ஆறு மாத வகுப்பு, உடற்பயிற்சிக் கூடத்தில் வேலைக்கு உதவலாம். பணம் கட்டுமுன் சான்றிதழை வழங்குவது யார், நோயாளிகளோடு எத்தனை மணி நேரப் பயிற்சி என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் மட்டும் பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

படித்து முடித்ததும் அணி வேலை எளிதில் கிடைக்காது. முதல் சில ஆண்டுகள் தருமபுரியிலோ ஓசூரிலோ ஒரு மருத்துவமனையில் முதுகுவலிக்காரர்களைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிகளுக்குப் போக வேண்டியிருக்கும். மகளிர் அணிகள் பெரும்பாலும் பெண் பிசியோவையே விரும்புகின்றன, அது உங்களுக்குச் சாதகம்.