பலா சிப்ஸ்: வீண் தொடங்கும் இடம் குவியல்தான்

வணக்கம் சகோதரி. பண்ருட்டியில் பலா சிப்ஸ் போடுவதாகவும், காய்கள் குவியலிலேயே பழுத்து வீணாவதாகவும், கொட்டையும் தோலும் குப்பைக்குப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் கொள்முதலைக் கவனியுங்கள். முற்றிய காய் கோடையில் சில நாள்களிலேயே பழுத்துவிடும். பழுத்த சுளையில் சர்க்கரை ஏறுவதால் எண்ணெயில் போட்டதும் கருகும். வண்டி வண்டியாக இறக்காமல் இரண்டு நாள் வேலைக்கு மட்டும் வாங்குங்கள். காயின் மேல் தேதியைச் சுண்ணாம்பால் குறித்து, முதலில் வந்ததை முதலில் அறுங்கள். அதையும் மீறிப் பழுத்ததை அன்றே அல்வாவாகக் கிண்டிவிடுங்கள்.

கொட்டையை எறிவதைத்தான் என் மனம் பொறுக்கவில்லை. வேகவைத்து, தோலுரித்து, நன்றாகக் காயவைத்து அரைத்தால் மாவு. கோதுமை மாவோடு கலக்கலாம். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், ஆகவே காயவைப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். பலாவின் மேல்தோலை மாடு வளர்ப்பவர்களுக்கு அன்றன்றே கொடுத்துவிடுங்கள்.