உணவு, நடை, தூக்கம் எதையும் மாற்றாமல் ஃபேட் பர்னர் மட்டும் எடுத்தால் தொப்பை குறையுமா?

கேட்டவர் தந்த விவரம் இது: எடை 80 கிலோ, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, சாயங்காலம் ஜிம். அங்கே ஃபேட் பர்னர், அதாவது கொழுப்பை எரிக்கும் என்று விற்கும் மாத்திரை, வாங்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டையும் தூக்கத்தையும் இப்போதைக்கு மாற்ற வழியில்லை, மாத்திரை மட்டும் போதுமா என்கிறார்.

போதாது. "அதெல்லாம் நம்பாதீங்க" என்று மட்டும் சொன்னால் அடுத்த விளம்பரம் வரும்வரைதான் அது மனதில் நிற்கும். அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதம் இரண்டு கிலோ குறைய வேண்டுமென்றால் தினமும் 500 கலோரிக்குக் கொஞ்சம் மேலே பற்றாக்குறை விழ வேண்டும். இந்த 500-ஐ நினைவில் வைத்துக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். அவற்றில் கையில் உணரக்கூடிய வேலையைச் செய்வது பெரும்பாலும் காஃபீன் ஒன்றுதான். அது எவ்வளவு செய்யும் என்பதை 1989-லேயே அளந்துவிட்டார்கள். 100 மி.கி. காஃபீன், ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலை 3 முதல் 4 சதவீதம், இரண்டரை மணி நேரத்துக்குக் கூட்டியது. அதே அளவை ஒரு நாளில் ஆறு தடவை கொடுத்தபோது ஒல்லியானவர்களுக்கு 150 கலோரி கூடுதலாகச் செலவானது. முன்பு பருமனாக இருந்து இளைத்தவர்களுக்கு வெறும் 79 கலோரி. யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் பலன் பாதியாக இருக்கிறது. 79 கலோரி என்பது இரண்டு டீஸ்பூன் எண்ணெய். அதற்கு விழுங்க வேண்டியது 600 மி.கி. காஃபீன், நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கே நாளுக்கு 400 மி.கி.தான் வரம்பு. போதாததற்குச் சில வாரங்களில் உடல் காஃபீனுக்குப் பழகிவிடும்.

இதில் பலரும் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. காஃபீனின் பாதி உடலை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு ஜிம்முக்கு முன் 200 மி.கி. எடுத்தால், பதினொரு மணிக்குப் படுக்கும்போது ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்த அளவு இரத்தத்தில் இருக்கும். தூக்கம் கெட்டால் கொழுப்புக் குறைப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு 2010-இல் வெளிவந்த ஒரு ஆய்வு தெளிவான பதில் தருகிறது. அதே ஆட்கள், அதே கலோரிக் கட்டுப்பாடு, 14 நாள். ஒரு முறை படுக்கையில் எட்டரை மணி நேரம், இன்னொரு முறை ஐந்தரை மணி நேரம். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது போன கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மிச்சம் போனது தசை முதலான கொழுப்பில்லாத பகுதி. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும், எந்த ஃபேட் பர்னரும் தராத வித்தியாசம் அது. அந்த வித்தியாசத்தைத்தான் சாயங்கால ஃபேட் பர்னர் கெடுக்கிறது.

காஃபீனைத் தாண்டி டப்பாவில் இருப்பவற்றில் இரண்டு நம் பக்கத்துச் சரக்கு.

ஒன்று கார்சீனியா, அதாவது கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி. அதிலுள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியைத் தடுக்கும். எலிகளில் இது பலன் தந்தது. மனிதர்களில் தராததற்குக் காரணம், வழக்கமான சாப்பாட்டில் நம் உடல் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவது குறைவு. மாவுச்சத்தை எரித்துவிட்டு, சாப்பிட்ட எண்ணெயை நேராகச் சேமித்துக்கொள்கிறது. யாரும் நுழையாத கதவுக்குப் பூட்டு எதற்கு? 1998-இல் அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் தினமும் 1,500 மி.கி. அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். கார்சீனியா எடுத்தவர்கள் 3.2 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. இரண்டு தரப்புக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. குறைத்தது அந்தக் கட்டுப்பாடுதான். குழம்பில் குடம்புளி தாராளமாகச் சேர்க்கலாம், அதில் பிரச்சினை இல்லை. சாறெடுத்துச் செறிவாக்கிய மாத்திரைகளில்தான் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

இன்னொன்று நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் விளைந்து உலகமெங்கும் போகும் இலை. 'ஸ்லிம் டீ', 'டீடாக்ஸ் டீ' என்று வருபவற்றில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுக்க நல்ல மருந்து. ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் கலோரி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே காலையில் தராசில் குறைவது நீரும் மலமும்தான். மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கி, கை கால் சோர்வில் ஆரம்பித்து இதயத் துடிப்புவரை தடுமாறும்.

கிரீன் டீ குடிப்பது வேறு, அதன் சாறை மாத்திரையாக எடுப்பது வேறு. மாத்திரை வழியாக ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. கிரீன் காபிக்கு (வறுக்காத காபிக்கொட்டைச் சாறு) ஆதாரமாகக் காட்டப்பட்ட 2012 ஆய்வு, இந்தியாவில் வெறும் 16 பேரை வைத்து நடந்தது. எடை அளவுகளை இஷ்டத்துக்கு மாற்றியது அமெரிக்க வணிக ஆணைய விசாரணையில் வெளிவந்து, 2014-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எல்-கார்னிடைன் நம் உடலே தயாரிக்கும் பொருள். வாய்வழி எடுப்பதில் பெரும்பகுதி உறிஞ்சப்படுவதே இல்லை.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேலை செய்யாத மாத்திரை அல்ல, அபாரமாக வேலை செய்யும் மாத்திரை. மூலிகை என்று எழுதியிருக்கும், ஆனால் மூன்றே நாளில் பசி அடியோடு நின்றுவிடும், வாய் உலரும், நெஞ்சு படபடக்கும். அப்படியானால் உள்ளே சிபுட்ரமின் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடியதால் 2010-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும், 2011-இல் இந்தியாவும் நிறுத்திய மருந்து அது. 2007 முதல் 2016 வரை மருந்து கலந்திருப்பதாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கண்டுபிடித்த 776 சப்ளிமென்ட்களில் ஐந்தில் இரண்டு எடைக் குறைப்புக்கானவை. அவற்றில் அதிகம் கலந்திருந்ததும் இந்தச் சிபுட்ரமின்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் டப்பாவில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது தயாரிப்பாளருக்குக் கொடுத்த உரிமம். அந்த மாத்திரை கொழுப்பைக் கரைக்கும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று இல்லை.

வே புரோட்டீனை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அது பால் புரதம், உணவு. ஒரு ஸ்கூப் 30 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், 120 கலோரி. சாப்பாட்டில் ஒன்றைக் குறைத்துவிட்டு அதன் இடத்தில் எடுத்தால் உதவும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே சேர்த்தால் எடைதான் கூடும்.

"ஊசி போட்டால் 15 சதவீதம் குறைகிறதாமே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஊசியில் இருக்கும் செமாக்ளூடைட் உண்மையில் வலுவான மருந்து. 68 வாரத்தில் 14.9 சதவீதம் எடை குறைந்தது. அந்த ஆய்வில் இருந்த எல்லோருக்கும் தினம் 500 கலோரி குறைத்த உணவும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் சொல்லப்பட்டிருந்தன. நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு வலுவான மருந்தே பழக்கத்துக்கு ஈடாகவில்லை.

இனி அந்த 500 கலோரிக்கு வருவோம். வாழ்க்கையைத் தலைகீழாக்காமலே அதை எடுக்கலாம்.

எண்ணெயை நாக்கால் அளக்க முடியாது, மாதக் கணக்கால் அளக்கலாம். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் ஆகிறது என்றால் ஒருவருக்கு நாளுக்கு 42 மி.லி. அதை மூன்றரை லிட்டருக்கு இறக்கினால் தலைக்குத் தினம் 100 கலோரி மிச்சம். கேனிலிருந்து சட்டியில் நேராக ஊற்றுவதை நிறுத்தி, மாத அளவை வாரத்துக்கு ஒரு பாட்டிலாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமையே தீர்ந்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

நான்கு டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 130 கலோரிக்குக் குறையாது. ஒரு ஸ்பூனாக்கினால் 65 மிச்சம். மதியமும் இரவும் சேர்த்து அரிசியை 50 கிராம் குறைத்தால் 175. வேகவைக்கும் முன் அளக்க வேண்டும், சாதமாக அளந்தால் தண்ணீர் குழப்பிவிடும். குறைத்த இடத்தைக் கீரை, அவரை, முட்டைக்கோஸ் பொரியலால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் பசி உங்களைப் பஜ்ஜிக் கடைக்கு இழுத்துப் போகும். அத்துடன் வேகமாக நான்கு கிலோமீட்டர் நடை; 80 கிலோ எடைக்கு 160 கலோரி கூடுதலாகச் செலவாகும். 45 நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் மூன்று பதினைந்து நிமிடங்களாக உடைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு நடந்தால் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. கூட்டிப் பாருங்கள், 100, 65, 175, 160. சரியாக 500.

கலோரி குறையும்போது தசை கரையாமல் இருக்க, கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் உங்களுக்குச் சுமார் 95 கிராம் புரதம் வேண்டும். நம் வீடுகளில் இங்கேதான் ஏமாறுகிறோம். சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு 20 கிராம்தான், அதில் புரதம் 5 கிராமுக்குள். மூன்று முட்டை 18, வெந்த கோழிக்கறி 150 கிராமில் ஏறக்குறைய 40, ஒரு சின்னக் கப் சுண்டலில் 8, பாலும் தயிரும் சேர்ந்து 15. மீதி பருப்பிலும் அரிசியிலும் வந்துவிடும். சைவம் என்றால் 50 கிராம் சோயா உருண்டை 26, 100 கிராம் பனீர் 18. ஜிம்முக்குப் போகிறீர்கள், நல்லது. வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்குங்கள், ஒவ்வொரு வாரமும் எடையையோ எண்ணிக்கையையோ கொஞ்சம் ஏற்றுங்கள். படுக்கைக்கு எட்டு மணி நேரம் முன்பே காபியை முடித்துவிடுங்கள்.

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அது பெரும்பாலும் நீர். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும், மாவுச்சத்தைக் குறைத்ததும் வெளியேறும். மாத்திரைக்கு நற்பெயர் கிடைப்பது இந்த வாரத்தில்தான். மூன்றாம் வாரம் தராசு நின்றதும் "டோஸ் பத்தல" என்று இரண்டாக்குவார்கள். அதற்குப் பதில் தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள். வாரம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபிறகு இடுப்பை அளந்துகொள்ளுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

நான்கு வாரச் சராசரியும் அசையவில்லை என்றால் முதலில் சனி, ஞாயிறைப் பாருங்கள். ஐந்து நாள் சேர்த்த 2,500 கலோரி, இரண்டு பிரியாணியிலும் ஐஸ்கிரீமிலும் போயிருக்கலாம். அதிலும் ஒன்றும் அகப்படாவிட்டால் மருத்துவரிடம் போய் டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பாருங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே ஃபேட் பர்னர் எடுத்துக்கொண்டிருந்து சிறுநீர் அடர் மஞ்சளாகவோ கண் மஞ்சளாகவோ ஆனால், அன்றே நிறுத்தி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.