எண்ணெய் படிந்த கழிமுகம்: நாற்றுக்கு முன் என்ன?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் தொழில் செய்யும் மீனவர் சங்கம் எங்களுடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அலையாத்தி மர வேர்களில் படிந்துவிட்டது. கழிமுகத்தைச் சீரமைக்க யாரிடம், எப்படிப் பணம் கேட்பது? இப்போதே நாற்று நடலாமா?

பதில்: நாற்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அலையாத்தி மூச்சுவிடுவது சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால். சேற்றில் இறங்கிய எண்ணெயோ ஆண்டுக்கணக்கில் தங்கும். ஒரு குழி தோண்டி, ஊறும் நீரைப் பாருங்கள். வானவில் நிறப் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துவிடுங்கள். சில்லு சில்லாக உடைந்தால் அது இயற்கையானது. உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். அங்கே கன்று தேறுவது கஷ்டம். கடல் ஓதம் (அலைநீர்) ஏறி இறங்கும் வாய்க்கால் தூர்ந்திருந்தால், எவ்வளவு நட்டாலும் வீண். நடவு விழாவுக்குக் கிடைக்கும் பணம் வாய்க்கால் தூர்வாரக் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, பணம். கேட்க வேண்டிய இடம் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதன் சட்டம் 2010, பிரிவு 15-இன்படி இழப்பீட்டோடு சுற்றுச்சூழல் மீட்பையும் கேட்கலாம். கெடு 5 ஆண்டு. அதாவது 2028 டிசம்பர் தொடங்கும் முன்பே மனு போட்டுவிடுங்கள். தொகையைத் தனித்தனித் தலைப்புகளில் பிரித்துத் தரவும் அதே பிரிவு இடம் தருகிறது. உங்கள் வருமான இழப்பு ஒரு தலைப்பு, கழிமுகச் சீரமைப்பு வேறு தலைப்பு என்று மனுவிலேயே எழுதுங்கள். ஏனென்றால், சுற்றுச்சூழல் பாதிப்புக்கான தொகை சட்டப்படி மத்திய அரசின் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குத்தான் போகும். உருப்படியான திட்டம் இல்லாவிட்டால் அது உங்கள் கழிமுகத்துக்குத் திரும்பி வருவது சந்தேகம்.

திட்டத்தில் சேற்றுப் பரிசோதனை, வாய்க்கால் வேலை, அப்புறம் நடவு, அதன்பின் பல ஆண்டுக் கண்காணிப்பு என ஒவ்வொன்றுக்கும் செலவு போடுங்கள். கண்காணிப்பைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள், விடாதீர்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் எண்ணெய்க் கிணறு வெடித்து 87 நாள் கசிந்த வழக்கில், 2016 உடன்பாட்டின்படி இயற்கை வளச் சேதத்துக்கு 880 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். அதில் 70 கோடி வரை, அன்றைக்குத் தெரியாத பாதிப்புகளுக்கும் திட்டத்தை மாற்றியமைப்பதற்கும். உங்கள் மனுவிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும்.

 

இறால், நண்டு, மடவை ஏலச் சீட்டுகள் 2023-க்கு முந்தியவை யார் வீட்டில் இருந்தாலும் இந்த வாரமே வாங்கி நகல் எடுங்கள். முன்பு என்ன கிடைத்தது என்பதற்கு உங்களிடமுள்ள வலுவான சான்று அதுதான்.