ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவுக்கு எப்படித் தைரியம் சொல்வது?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. நாங்கள் தைரியம் சொன்னால் எரிந்து விழுகிறார். என்ன செய்வது?

பதில்:

முதலில் தைரியம் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனுக்காகக் காத்திருந்த நாட்களில் வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தது போல "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அதற்கு மேல் நாம் என்ன பேச முடியும்? பயமாக இருக்கிறது என்று சொன்னால் வந்தவர் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் உள்ளுக்குள் புழுங்க வேண்டும். உங்கள் அப்பாவின் எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது.

இன்னொரு பேச்சு இதைவிட மோசம்: "மனசு திடமா இருந்தா பாதி நோய் போயிடும்." அப்படியென்றால் பயந்தவனுக்கு நோய் முற்றிவிடுமா? புற்றுநோயாளிகளின் மனநலத்தைத் தனித் துறையாகவே வளர்த்தெடுத்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட், இப்படி எப்போதும் நல்லதையே நினைக்கச் சொல்லி நோயாளியை நெருக்குவதைக் கொடுங்கோன்மை என்றே சொன்னார். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2007-இல் வெளியான ஓர் ஆய்விலும், மனநிலைக்கும் எத்தனை காலம் உயிர் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. அழுதால் கட்டி வளர்ந்துவிடாது என்பதை அப்பாவிடம் யாராவது நேராகச் சொல்லுங்கள். அதுவே பெரிய நிம்மதி.

சரி, அப்புறம் எதுதான் உதவும்? என் அனுபவத்தில், விவரம். 1964-இல் பாஸ்டனில் ஒரு பரிசோதனை நடந்தது. வயிற்று ஆபரேஷனுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்து பேசினார்: வலி எங்கே இருக்கும், ஏன் வரும், உடம்பை எப்படித் தளர்த்துவது, படுக்கையில் எப்படிப் புரள்வது என்று. அவர்களுக்கு வலி மருந்து மற்றவர்களைவிடச் சுமார் பாதிதான் தேவைப்பட்டது. யாரிடம் பேசினார்கள், யாரிடம் பேசவில்லை என்று அறியாத சர்ஜன்களே அவர்களைச் சராசரியாக இரண்டு நாளுக்கும் மேல் முன்கூட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அது புற்றுநோயாளிகளுக்கென்று செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் படித்தபோது "அதேதான்" என்று தோன்றியது.

ஏனென்றால் என்னை அரித்துக்கொண்டிருந்தது சாவு இல்லை, பை. ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் ஸ்டோமா, அதாவது குடலை வெளியே திறந்துவிடும் ஒரு வாய், வைத்து, மலம் அதன் வழியாக ஒரு பைக்குள் போகும் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் ஒரு மார்க்கர் பேனாவோடு வந்தார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், படுக்கச் சொன்னார், பெல்ட் எந்த இடத்தில் போடுவீர்கள் என்று கேட்டார். மடிப்பு விழாத, என் கண்ணுக்குத் தெரிகிற, கை எட்டுகிற இடமாகப் பார்த்து வயிற்றில் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் ஒரு காலிப் பையை என் கையில் கொடுத்தார். குளிக்கலாமா? குளிக்கலாம். நாறுமா? சரியாக ஒட்டியிருந்தால் காலி செய்யும்போது தவிர வாடை வராது. தூக்கத்தில் நசுங்கினால்? மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. மனதில் மலையாக இருந்தது கைக்கு அடங்கும் சின்னப் பையாகிவிட்டது. மற்ற பயங்கள் அப்படியே இருந்தன, அது வேறு விஷயம்.

அதனால் அப்பாவிடம் "எதை நினைச்சா ரொம்பக் கலக்கமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடனே பதில் வராது. வரும்போது நீங்கள் நினைக்காததாக இருக்கலாம்: மயக்கம் பாதியில் தெளிந்துவிடுமோ, சிறுநீர்க் குழாய் போடுவார்களோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ. பதில் இருக்கிற கேள்விகளைத் தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். பதில் இல்லாதவற்றைக் கேட்டுக்கொண்டால் போதும், சரிசெய்யப் பார்க்க வேண்டாம்.

அதே ஆபரேஷன் செய்து தேறிய ஒருவரோடு பேச முடியுமா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். தெரேஸ் லாஸர் என்ற பெண் தன் மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 1952-இல், மற்ற நோயாளிகளைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு பெரிதாக வளர்ந்த 'ரீச் டு ரெகவரி' திட்டத்துக்கு அதுதான் தொடக்கம். எனக்கும் பையோடு வாழும் ஒருவர் வந்து பேசினார். அவர் சாதாரணமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததே எனக்குப் பாதி பதில். அற்புத மருந்து சொல்பவர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உறவினர்கள் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பார்கள். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வருகிற போன்களுக்கெல்லாம் ஒருவரே பதில் சொல்லட்டும். டாக்டர் சொல்வதை இன்னொருவர் கூடவே இருந்து குறித்துக்கொள்ளட்டும். என் மைத்துனர் வந்தால் செஸ் ஆடுவார், நோயைப் பற்றி மூச்சு விடமாட்டார். அப்படி ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

மனக்கலக்கத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் ஓர் எளிய அளவுகோல் பல புற்றுநோய் மையங்களில் இருக்கிறது. வழக்கமாக 4 அல்லது அதற்கு மேல் போனால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது, பேச்சும் குறைந்துவிட்டது என்கிறீர்கள். இதை ஆபரேஷன் நாள் வரை வைத்திருக்காமல் இப்போதே அவருடைய மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே, தனியாக விடாமல். தூக்க மாத்திரையோ மதுவோ மனநல மருந்தோ எடுப்பவர் என்றால் மயக்க மருந்து டாக்டருக்கு அது தெரிய வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், புதிதாகக் கொடுக்கவும் வேண்டாம்.