நகராட்சி வேலையை விட்டால்தான் கவுன்சிலர் தேர்தலில் நிற்க முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் மெரபேங்க் பகுதியில் இருக்கிறோம். நாறும் வாய்க்கால், ஆலைப் புகை இரண்டுக்கும் மனு எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது. டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி நகராட்சியின் வடிகால் பிரிவில் வேலை பார்க்கும் என் தம்பியையே வரும் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார். ஒரு ஏஜென்ட், "முதலில் வேலையை ராஜினாமா செய்யணும். கையெழுத்து, டெபாசிட், ஃபாரம் எல்லாம் நான் பார்த்துக்கிறேன், 15,000 ராண்ட்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தம்பி ராஜினாமாக் கடிதமும் எழுத வேண்டாம்.

தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 158-ஆம் பிரிவில் ஏஜென்ட்டுகள் பாதியை மட்டும் படித்துக் காட்டுவார்கள். நகராட்சியில் சம்பளம் வாங்குகிறவர் அந்த நகராட்சியின் கவுன்சிலில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது முதல் உட்பிரிவு. அடுத்த உட்பிரிவைப் புரட்டினால், அப்படிப்பட்டவர் வேட்பாளராக நிற்கலாம் என்று இருக்கிறது. நிற்பது வேறு, உட்காருவது வேறு. தம்பி ஜெயித்தால் சம்பள வேலையா கவுன்சில் நாற்காலியா என்று முடிவு செய்தாக வேண்டும். தோற்றால் பழையபடி வடிகாலுக்கே போகலாம். இதைச் சொல்லாமல் முன்கூட்டியே வேலையை விடவைத்தால், மாதச் சம்பளமும் போய், தேர்தலும் போய், கடைசியில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த காசும் போனதுதான் மிச்சம்.

நிற்கும் ஊழியருக்கு நிபந்தனைகள் உண்டு. எந்த நாளிலிருந்து விடுப்பு, அதற்குச் சம்பளம் உண்டா என்று மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைக்கட்டும். மேலாளர் வாய்வார்த்தையாக "பரவாயில்லை தம்பி" என்றது பிறகு எந்த மேசையிலும் செல்லாது. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்து, நகராட்சியிலிருந்து நேரடியாகச் சம்பளம் வாங்காதவருக்கு இந்தத் தடை பொருந்தாது. அவர் ஒப்பந்தத் தாளையும் சம்பளச் சீட்டையும் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் கடனை அடைக்க முடியாமல் திவாலாகி இன்னும் அதிலிருந்து விடுவிக்கப்படாதவருக்கும், அபராதம் கட்டித் தப்பும் வழியில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவருக்கும் 'நிற்கலாம், உட்காரக் கூடாது' என்ற சலுகை கிடையாது. தண்டனை முடிந்து ஐந்து வருஷம் ஆக வேண்டும்.

இனி கையெழுத்து. வேட்புமனு கவிழ்வதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். சுயேச்சையை ஆதரித்து 50 பேர் கையெழுத்துப் போட்டால் போதும், ஆனால் அந்த 50 பேரும் அதே வார்டின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். தெருவில் குடியிருப்பது மட்டும் போதாது. டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள் ஃபீனிக்ஸிலேயே பதிவாகியிருப்பாள். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளில் ஒரே மணி நேரத்தில் நூறு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். சாட்ஸ்வொர்த், டோங்காட், எங்கிருந்தோ வந்த கூட்டம் அது. அதில் உங்கள் வார்டுக்காரர் முப்பது பேர் தேறினால் அதிர்ஷ்டம்.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் தம் கைப்பேசியிலிருந்து அடையாள எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் 32810-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எங்கே பதிவாகியிருக்கிறார் என்று பதில் வரும். ஒரு ராண்ட் செலவு. வந்த பதிலை ஃபாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த வருஷம், மாதம், தேதி. 1958 மார்ச் 12-இல் பிறந்த அக்கா என்றால் 580312 என்று தொடங்க வேண்டும். 581203 என்று எழுதியிருந்தால் தேதியும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். மாலை வெளிச்சத்தில் 1-ஐ 7-ஆகப் படிப்பதும் சகஜம், அதனால் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஐம்பதோடு நிறுத்தாமல் எண்பது வாங்குங்கள். பாட்டிக்காக மகன் போட்ட கையெழுத்து, ஒருவரே இரண்டு தாளில் போட்டது, பிறகு எடுத்தெழுதியது எல்லாம் கழியும். ஏஜென்ட் விற்கும் 'ரெடிமேட்' பட்டியலைத் தொடவே வேண்டாம். செத்தவர் பெயரும் அதில் இருக்கலாம், மாட்டுவது வேட்பாளர்தான்.

தேர்தலுக்குத் தேர்தல் வார்டு எல்லைகளைத் திருத்துகிறார்கள். 2021-இல் ஈதெக்வினியில் 111 வார்டுகள் இருந்தன. அதே எண்ணை இப்போதும் எழுதிவிடாமல், உங்கள் வாக்குச்சாவடி இன்று எந்த வார்டில் என்று தேர்தல் ஆணையத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேளுங்கள். தம்பி அதே வார்டில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈதெக்வினிக்குள் வசித்து, இங்கேயே வாக்காளராகப் பதிவாகியிருந்தால் போதும். தேர்தல் தேதி அரசிதழில் வந்ததும் வாக்காளர் பட்டியலை மூடிவிடுவார்கள், பிறகு யாரையும் சேர்க்க முடியாது.

டெபாசிட் 2021-இல் சுயேச்சைக்கு 1,000 ராண்ட். வார்டில் பதிவான வாக்கில் பத்துச் சதவீதம் வந்தால் திரும்பக் கிடைக்கும். இந்த முறைக்கான தொகையும் வங்கிக் குறியீடும் ஆணைய அலுவலகத்திலேயே வாங்கி, நீங்களே கட்டி, ரசீதை மனுவோடு பின் பண்ணுங்கள். தனி ஆள் கையில் கொடுத்த பணம் டெபாசிட் ஆகாது. வேட்பாளரின் ஏற்பு ஒப்புதல், தேர்தல் நடத்தை விதிக்குக் கட்டுப்படும் உறுதிமொழி, அடையாள அட்டையின் சான்றிட்ட நகல் மூன்றும் கூடவே போக வேண்டும்.

கடைசி நாள் மாலை 5 மணி என்றால் 5 மணிதான். 2021-இல் முதல் கெடு ஆகஸ்ட் 23. பல நகராட்சிகளில் அதைத் தவறவிட்டது நாட்டின் மிகப் பெரிய கட்சி. தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரிய வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் மனு வாங்கும் கதவு மறுபடி திறந்தது. மெரபேங்கில் ஒரு சுயேச்சை ஐந்து நிமிஷம் தாமதமாக ஓடிவந்தால் அவருக்காக யாரும் கதவைத் திறக்கப்போவதில்லை. இதில் நியாயம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட் அடுத்து இன்னொரு வலை விரிப்பார்: "சுயேச்சை ஜெயிக்காது, சின்னக் கட்சியின் பட்டியலில் முதல் இடம் வாங்கித் தருகிறேன்." கட்சிச் சீட்டில் ஜெயித்தவர் கட்சி உறுப்பினராக இல்லாமல் போன அன்றே பதவி போகும். ஆலைக்கு எதிராக ஓட்டுப் போட்டதற்காகக் கட்சி வெளியேற்றினாலும் அதே கதிதான். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும், தம்பிக்கு இதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாக்குறுதி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: "ஆலையை மூடுவேன்" என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். 2004-ஆம் வருஷக் காற்றுத்தரச் சட்டப்படி புகை உமிழ்வு உரிமம் தருவது ஈதெக்வினி நகராட்சிதான், ஆனால் அதில் கையெழுத்திடுவது அதிகாரி, கவுன்சிலர் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க அனுமதியில் பெரும்பாலானது மாகாணத்தின் கையில். கவுன்சிலருக்கு உண்மையாகக் கிடைக்கும் ஆயுதம் வரவுசெலவுத் திட்டம். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, அதற்குள் திட்டம் நிறைவேறியிருக்க வேண்டும். வரைவு பல வாரம் முன்னாலேயே பொதுமக்கள் பார்வைக்கு வரும். உங்கள் பகுதிக் கழிவுநீர் ஏற்று நிலையத்தின் பம்புக்கும், மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டருக்கும் அதில் தனி ஒதுக்கீடு இருக்கிறதா என்று தம்பி இப்போதே பார்க்கட்டும். பம்பு நின்றால் சாக்கடை உம்லாஸ் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து கடலுக்கு. இது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதைத் தினமும் கையால் தொடுகிற வேலை அவருடையது. நோட்டீஸில் அந்தப் பம்பின் பெயரைப் போடுங்கள்.

ஜெயித்தால் வார்டு குழுவுக்கு அவரே தலைவர், கூடப் பத்துப் பேர் வரை. அதில் ஒருவரைக் காற்று அளவீட்டுப் பதிவுகளை மாதாமாதம் கேட்டு வாங்கவே ஒதுக்கலாம். பதவி இல்லாமலும் சில வேலை ஆகும். சாட்ஸ்வொர்த் புல்புல் டிரைவ் நச்சுக் குப்பைமேட்டை 2011-இல் மூடவைத்தது மக்கள் போராட்டம். அதை முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஆணைய அலுவலகத்துக்குப் போய் வேட்புமனு ஃபாரம் கேளுங்கள். ஃபாரத்துக்குக் காசு கிடையாது.